திரையில் கற்றது மேசையில் நிற்குமா?

மாலை ஆறு மணிக்கு மேல் மதுரை காளவாசல் சந்திப்பில் பரோட்டாக் கல் சூடாகிவிடும். மாஸ்டர் மாவு உருண்டையைத் தட்டி, எண்ணெய் தொட்டு, இரண்டே வீச்சில் துணிபோல் விரிக்கிறார். பார்சலுக்குக் காத்து நிற்பவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். எங்கே பிடிக்க வேண்டும், எப்போது கையைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் பிடிபட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. வீட்டுக்குப் போய் மாவைக் கையில் எடுத்தால் முதல் வீச்சிலேயே கிழிகிறது.

இந்த மயக்கத்தை அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் மைக்கேல் கார்டஸும் எட் ஓ'பிரையனும் அளந்து பார்த்தார்கள். 2018-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், டார்ட் எறியும் வீடியோவைச் சிலருக்கு ஒரு முறையும் வேறு சிலருக்கு 20 முறையும் போட்டுக் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்கள் தங்களால் நன்றாக எறிய முடியும் என்று கூடுதலாக நம்பினார்கள். எறியச் சொன்னபோது இரு சாராரும் எடுத்த புள்ளிகளில் பெரிய வேறுபாடு இல்லை. நம்பிக்கை வளர்ந்திருந்தது, கை வளரவில்லை. இன்னொரு சோதனையில், கட்டைகளை மேலே வீசிப் பிடிக்கும் வித்தையின் வீடியோவைப் பார்த்தவர்களிடம் அந்தக் கட்டைகளைச் சற்று நேரம் கையில் கொடுத்து வைத்திருந்தார்கள். அவற்றின் கனம் தெரிந்ததுமே அவர்களுடைய நம்பிக்கை இறங்கிவிட்டது.

தேனி பஸ்ஸில் ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவரின் கைபேசியில் இன்று எல்லாப் பாடமும் கிடைக்கிறது. செஸ் திறப்பாட்டம், சிலம்பச் சுவடு, கிடார், போக்கர் எனத் தேடியதெல்லாம் வருகிறது. இவற்றில் போக்கர் பயிற்சி வீடியோக்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. கணக்கும் உளவியலும் அதிர்ஷ்டமும் ஒரே மேசையில் கலக்கும் ஆட்டம் அது. திரையில் கற்ற ஒன்று, எதிரே மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சோதனைக் களம் கிடைப்பது அரிது.

கவிழ்ந்த சீட்டைக் காட்டிய கேமரா

உலகெங்கும் அதிகம் ஆடப்படும் போக்கர் வகையின் பெயர் டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு இரகசியமாகக் கொடுக்கப்படும். மேசை நடுவில் ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக, படிப்படியாகத் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். இடையில் நான்கு சுற்றுப் பந்தயம் உண்டு. சீட்டு மோசமாக இருந்தாலும் பெரிதாக வைத்து மற்றவர்களை விலகச் செய்யலாம். அதற்கு ப்ளஃப் என்று பெயர்.

பல பத்தாண்டுகள் இந்த ஆட்டத்தைப் பார்த்துக் கற்க வழியே இருக்கவில்லை. விலகியவர் சீட்டைக் கவிழ்த்துவிடுவார், அவர் என்ன வைத்திருந்தார் என்பது கடைசிவரை தெரியாது. 1999-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த லேட் நைட் போக்கர் நிகழ்ச்சி, மேசையில் கண்ணாடி பதித்துக் கீழே கேமரா வைத்தது. பார்வையாளர் முதன்முறையாக ஒவ்வொருவர் கையையும் தெரிந்துகொண்டு ஆட்டத்தைப் பார்த்தார். 2003-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிப் போட்டியில் நுழைந்தார். அங்கிருந்து லாஸ் வேகாஸின் உலகப் போட்டிக்குப் போய் 839 பேரில் முதல்வராகி 25 இலட்சம் டாலர் வென்றார். மறு ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள்.

கற்க வேண்டும் என்ற பசி பெருகியபோது பயிற்சித் தளங்கள் முளைத்தன. 2005-இல் கார்டுரன்னர்ஸ் வந்தது. 2012-இல் தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் கால்ஃபாண்ட் ரன் இட் ஒன்ஸ் தளத்தைத் தொடங்கினார். தேர்ந்த ஒருவர் ஆடிக்கொண்டே, எதற்காக இதைச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வதுதான் இந்த வீடியோக்களின் அடிப்படை வடிவம்.

இதில் உண்மையான பயன் உண்டு. சீட்டுக்கட்டின் 52 சீட்டுகளில் இருந்து இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் 1,326 அமையும். அவற்றில் இரண்டு ஏஸ் வரும் வாய்ப்பு 221-இல் ஒன்று. நேரில் ஆடும் மேசையில் மணிக்கு ஏறத்தாழ 30 ஆட்டமே நடக்கும் என்பதால், சராசரியாக ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால்தான் ஒரு முறை ஏஸ் ஜோடி கையில் வரும். அதைவிட அரிய சிக்கல்கள் மாதத்துக்கு ஒரு தடவைகூட வராமல் போகலாம். அத்தகைய இருபது சிக்கல்களை ஒரு மணி நேர வீடியோ வரிசையாக முன்வைத்துவிடும்.

கணக்குப் பாடமும் திரையில் நன்றாகவே ஏறும். ஓர் ஆட்டக்காரர் கையில் இரண்டு ஆர்ட்டின், திறந்திருக்கும் நான்கு பொதுச் சீட்டுகளில் இரண்டு ஆர்ட்டின் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு ஆர்ட்டின் வந்தால் ஐந்தும் ஒரே இனமாகிவிடும். நடுவில் 300 பந்தயச் சில்லுகள் குவிந்திருக்கின்றன. எதிராளி 100 வைக்கிறார். தொடர்வதற்கு இவரும் 100 வைத்தால் மொத்தம் 500. ஆக, ஐந்தில் ஒரு முறை, அதாவது 20 சதவீதமாவது வெல்லும் வாய்ப்பு இருந்தால்தான் தொடர்வது நட்டமில்லை. மீதமுள்ள ஆர்ட்டின் 9. அவர் கண்ணில் படாத சீட்டுகள் 46. ஒன்பதை நாற்பத்தாறால் வகுத்தால் 19.6 சதவீதம். விலகுவதும் தொடர்வதும் ஏறக்குறைய ஒன்றுதான், மயிரிழையில் விலகுவது மேல். இதை ஒருவர் பொறுமையாக விளக்கினால் பிளஸ் டூ மாணவருக்குப் பத்து நிமிடம் போதும்.

மணிலாவில் ஓர் அம்மா

விளக்கம் புரிவதற்கும் திறமை வருவதற்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. அந்தப் படியைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு தமிழர்களுக்குத் தெரிந்த வீட்டிலேயே உண்டு.

மயிலாடுதுறையில் 1969-இல் பிறந்த விஸ்வநாதன் ஆனந்துக்குச் செஸ் கற்றுக்கொடுத்தவர் தாயார் சுசீலா. தந்தையின் ரயில்வே பணி காரணமாகக் குடும்பம் 1970-களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் வாழ்ந்தது. அங்கே தொலைக்காட்சியில் மதிய நேரத்தில் செஸ் நிகழ்ச்சி ஒன்று வரும். அந்த நேரம் ஆனந்த் பள்ளியில் இருப்பார். அம்மா நிகழ்ச்சியைப் பார்த்து ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் பலகையை விரித்துப் புதிருக்கு விடை தேடுவார்கள். விடையை நிகழ்ச்சிக்கு அனுப்பினால் பரிசாகப் புத்தகம் கிடைக்கும். அடிக்கடி வென்றதால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள், இனி விடை அனுப்ப வேண்டாம் என்று நிகழ்ச்சியாளர்களே சொல்லிவிட்டதாக ஆனந்த் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த வீட்டில் நடந்ததை அறிவியல் கண்கொண்டு பார்க்க வேண்டும். சிறுவனுக்குக் கிடைத்தது கேள்வி மட்டுமே. விடையைத் தானே தேட வேண்டியிருந்தது, தேடியதை எழுதி அனுப்ப வேண்டியிருந்தது, அதன் பிறகுதான் சரியா தவறா என்பது தெரிந்தது. இன்றைய வீடியோவில் கேள்வி எழுந்த ஐந்தாவது நொடியில் பயிற்சியாளர் விடையைச் சொல்லிவிடுகிறார். பார்ப்பவர், நானும் அதைத்தான் நினைத்தேன் என்று தலையாட்டிவிட்டு நகர்கிறார். உண்மையில் அவர் எதையும் நினைத்திருக்கவில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாக்கியது. மாணவர்களில் ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: நான்கு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். தாங்கள் நன்றாக நினைவில் வைத்திருப்போம் என்று அதிகம் நம்பியவர்கள் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான்.

வீடியோ பார்க்கும் முறை இதிலிருந்து தானே வந்துவிடுகிறது. முடிவெடுக்க வேண்டிய இடம் வந்ததும் நிறுத்த வேண்டும். விலகுவதா, தொடர்வதா, கூட்டுவதா, எவ்வளவு கூட்டுவது, ஏன் என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். பிறகு ஓடவிட்டுப் பயிற்சியாளர் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். ஒரு மணி நேர வீடியோ இப்படிப் பார்த்தால் மூன்று மணி நேரம் இழுக்கும். அயர்ச்சி தரும். மூளையில் எழுதப்படுவது அந்த அயர்ச்சியின்போதுதான்.

இயந்திரம் சொன்ன விடை

இன்னொரு சோதனை நம் ஊரிலேயே நடந்தது. சென்னையைச் சேர்ந்த டி. குகேஷுக்குப் பயிற்சி அளித்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, தொடக்கத்தில் செஸ் கணினி நிரலைத் தொட வேண்டாம் என்று முடிவெடுத்தார். மற்ற சிறுவர்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கணினியின் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தரவரிசைப் புள்ளி 2,500-ஐ ஒட்டி வளரும்வரை குகேஷ் பலகையையும் தன் கணிப்பையும் நம்பியே வளர்ந்தார். 2019 ஜனவரியில், 12 வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

போக்கரிலும் அத்தகைய இயந்திரங்கள் வந்துவிட்டன. 2017 ஜனவரியில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் துவோமாஸ் சாண்ட்ஹோமும் நோவம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல், பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை எதிர்த்து 1,20,000 ஆட்டங்கள் ஆடித் தெளிவாக வென்றது. இன்று சால்வர் எனப்படும் நிரல்கள் வீட்டுக் கணினியிலேயே ஓடுகின்றன. இன்ன சூழலில் நூற்றுக்கு அறுபது தடவை வை, நாற்பது தடவை வைக்காதே என்று அவை சொல்கின்றன. பயிற்சி வீடியோக்களில் பெரும்பகுதி இப்போது இந்த அட்டவணைகளைச் சுற்றியே அமைகிறது. அட்டவணையை மனப்பாடம் செய்தவர், எதிராளி வேறு விதமாக ஆடத் தொடங்கியதும் தடுமாறுகிறார். ஏன் அறுபது என்பதைத் தானே யோசித்துப் பார்த்தவருக்கு, எதிராளி மாறினால் அந்த எண்ணை எந்தப் பக்கம் நகர்த்துவது என்றும் தெரியும்.

எதிரே மனிதர்கள்

இனி மேசைக்கு வருவோம். திரையில் ஆடும்போது நடுவில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நிரலே காட்டும். நேரில் அது கிடையாது. முன் சொன்ன கணக்கில் 300 என்ற எண்ணையே ஆட்டக்காரர் முதல் சுற்றிலிருந்து தன் தலைக்குள் கூட்டி வந்திருக்க வேண்டும். எல்லையில்லாப் பந்தய ஆட்டத்தில் சீட்டுப் போடுபவரிடம் கேட்டாலும் எண்ணிச் சொல்ல மாட்டார். எதிராளியின் முன்னால் இருக்கும் சில்லு அடுக்கைக் கண்ணால் அளக்க வேண்டும், தன் முறை வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும், தன் சீட்டை மற்றவர் கண்ணில் படாமல் பார்க்க வேண்டும். எந்த வீடியோவும் பார்ப்பவர் கையில் சில்லைக் கொடுப்பதில்லை.

அதற்கு மேல் உடல் பேசுகிறது. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டால் போதும் என்பது பொது நம்பிக்கை. மைக்கேல் ஸ்லெபியனும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு வேறு இடத்தைக் காட்டியது. 2009-ஆம் ஆண்டு உலகப் போட்டியின் ஒளிப்பதிவுகளைத் துண்டுகளாக்கிக் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்கள் சீட்டின் தரத்தைக் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மோசமாகவே கணித்தார்கள். சில்லைத் தள்ளும் கையை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கைவிட மேலாகக் கணித்தார்கள். நல்ல சீட்டு வைத்திருப்பவரின் கை தயக்கமின்றிச் சீராக நகர்ந்திருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர் முகத்தைப் பழக்கியிருக்கிறார், தோளையும் மணிக்கட்டையும் பழக்கவில்லை. இந்த ஆய்வு ஒளிப்பதிவை வைத்தே நடந்தது என்பதால் மாணவர்களுக்கு ஒரு வழியும் கிடைக்கிறது: போட்டிப் பதிவுகளில் விவரணையின் ஒலியை நிறுத்திவிட்டு, கைகளை மட்டும் பார்த்துக் கணித்துப் பழகலாம்.

திரைக்கு முன்னால் ஆடுவதும் எதிராளிக்கு முன்னால் ஆடுவதும் மூளைக்கு ஒன்றல்ல என்பதற்குச் செஸ்ஸிலும் சான்று உண்டு. ஸ்டெஃபன் கியூன், கிறிஸ்டியன் சீல், டைனிஸ் செக்னர்ஸ் ஆகிய மூவர், கொரோனா முடக்கத்தின்போது 2020-இல் இணையம்வழி நடந்த மேக்னஸ் கார்ல்சன் தொடரையும், அதே ஆட்டக்காரர்கள் நேரில் ஆடிய உலக ரேபிட் போட்டிகளையும் கணினி நிரலால் ஒப்பிட்டார்கள். நேரில் ஆடியபோது நகர்த்தல்களின் தரம் மேலாக இருந்தது.

நேருக்கு நேர் ஆட்டத்தின் அழுத்தம் மறுபக்கமும் வெட்டும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் செஸ் பட்டத்துக்கான 14-ஆவது, கடைசி ஆட்டம். சமனில் முடியும் நிலையில், 55-ஆவது நகர்த்தலில் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஓய்வாக வீட்டில் உட்கார்ந்து அந்த நிலையைப் பார்த்திருந்தால் அவர் அளவு ஆட்டக்காரர் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார். ஏறக்குறைய மூன்று வாரப் போராட்டத்தின் களைப்பும் எதிரே விடாமல் அழுத்திக்கொண்டிருந்த 18 வயது குகேஷும் சேர்ந்து அதைச் செய்ய வைத்தார்கள். 7.5–6.5 என்ற கணக்கில் பட்டம் சென்னைக்கு வந்தது.

தோல்வி பொய் சொல்லும் ஆட்டம்

செஸ்ஸில் தவறு செய்தால் பலகை உடனே காட்டிக்கொடுக்கும். போக்கரில் அப்படி இல்லை என்பதால் கற்பது கடினமாகிறது. கையில் இரண்டு ஏஸ், எதிராளி கையில் இரண்டு ராஜா. முதல் சுற்றிலேயே இருவரும் எல்லாச் சில்லுகளையும் வைத்துவிடுகிறார்கள். ஏஸ் வைத்திருப்பவர் எடுத்தது மிகச் சரியான முடிவு. அப்படியிருந்தும் நூற்றில் 18 தடவை தோற்பார். மறுபுறம், விலக வேண்டிய இடத்தில் விலகாமல் போன ஒருவர் அதிர்ஷ்டத்தால் வென்று, தன் ஆட்டம் சரி என்று நம்பிவிடுவார். முடிவின் தரத்தை விளைவை வைத்து எடைபோடும் இந்தப் பழக்கத்தைப் பற்றி, முன்னாள் ஆட்டக்காரர் ஆனி டியூக் 2018-இல் ஒரு நூலே எழுதினார்.

மாற்று வழி குறிப்பேடுதான். வென்றேனா தோற்றேனா என்பதை விட்டுவிட்டு, எந்த நிலையில் என்ன தெரிந்திருந்தது, என்ன முடிவெடுத்தேன், என்ன காரணம் என்று எழுதுவது. பிறகு அதே வகை நிலையைப் பற்றிய வீடியோவைத் தேடிப் பார்ப்பது. வீடியோவிலிருந்து மேசைக்குப் போவதைவிட, மேசையில் எழுந்த கேள்வியோடு வீடியோவுக்கு வருவது பலன் தரும். உளவியல் ஆய்வாளரும் எழுத்தாளருமான மரியா கொன்னிகோவா, சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாத நிலையில் தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர் எரிக் சைடலிடம் மாணவியாகச் சேர்ந்தார். இணையத்தில் சிறு ஆட்டங்கள், பிறகு நேரடிப் போட்டிகள், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆசிரியரோடு அலசல் என்று முன்னேறி, 2018 ஜனவரியில் பஹாமாஸில் ஒரு போட்டியை வென்றார். ஆசிரியரிடம் அவர் கொண்டுபோனவை தான் எடுத்த முடிவுகள்.

பணத்தை வெளியே வையுங்கள்

தமிழ்நாட்டில் இதைப் பேசும்போது பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆன்லைன் ரம்மியில் சேமிப்பையும் உயிரையும் இழந்த குடும்பங்கள் இங்கே உண்டு. 2020 ஜூலையில், ரம்மி தொடர்பான ஒரு வழக்கில், இத்தகைய ஆட்டங்களை நெறிப்படுத்தச் சட்டம் தேவை என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அரசுக்குச் சுட்டிக்காட்டியது. அந்த ஆண்டு நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியான சட்டத் திருத்தத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. 2022-இல் புதிய சட்டத்துக்கான மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2023 நவம்பரில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது.

திறமை ஆட்டம் என்று நீதிமன்றம் சொன்னது உண்மை. அந்தத் திறமை வெளிப்பட ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் தேவை என்பதும் உண்மை. சம்பளப் பணத்தோடு உட்காரும் இளைஞரிடம் அத்தனை ஆட்டங்கள் தாங்கும் கையிருப்பு கிடையாது. பத்து வீடியோ பார்த்ததால் பிறந்த நம்பிக்கை அவரிடம் ஏராளமாக இருக்கும், அதுதான் ஆபத்து. வெல்வது எளிது என்று பேசும் வீடியோவைக் கண்டதும் நிறுத்திவிடுவது நல்லது.

பணமில்லாமலே இந்த ஆட்டம் முழுதாகக் கற்கத் தகுந்தது. நிகழ்தகவு, பொறுமை, மனிதரைக் கவனித்தல், தன் முடிவைத் தானே விசாரித்தல் ஆகிய நான்கையும் ஒருசேரப் பழக்கும் வேறு பாடம் பள்ளியிலும் கிடைக்காது. ஒரு சீட்டுக்கட்டு, ஒரு படி புளியங்கொட்டை, நான்கு நண்பர்கள், ஒரு குறிப்பேடு போதும். வீடியோவை ஞாயிறு காலையில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், மாலையில் நண்பர்களோடு மேசையில் உட்காருங்கள், இரவு படுக்கப்போகும் முன் அன்றைய மூன்று முடிவுகளை எழுதி வையுங்கள். பந்தயமாகப் புளியங்கொட்டை மட்டுமே இருக்கட்டும்.